மருதத்தில் நாற்காலி... நெய்தலில் நடை!

அந்த விளம்பரப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு தென்னை மரங்கள். நடுவே ஒரு வலை ஊஞ்சல். அதில் சாய்ந்தபடி, மடியில் லேப்டாப்போடு ஓர் இளைஞர். கைக்கெட்டும் தூரத்தில் இளநீர். எதிரே நீலக் கடல். 'இங்கிருந்தே வேலை பாருங்களேன்!' என்று கீழே ஒரு வரி.

பார்த்ததும் உங்களுக்குப் பொறாமை வந்திருக்கலாம். வைத்தியனான எனக்கு வந்தது கவலைதான். அந்த இளைஞரின் கழுத்தைக் கவனியுங்கள். முகவாய் நெஞ்சைத் தொடுகிறது. முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. மணிக்கட்டு இரண்டும் அந்தரத்தில். அந்தக் கோலத்தில் ஒரு வாரம் வேலை பார்த்தால் அவர் அடுத்துப் போகவேண்டிய இடம் கடற்கரை அல்ல, என்னைப் போன்ற ஒருவரின் வாசல்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்தார்கள். தொற்று தணிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். சிலர் போகவில்லை. 'எங்கே இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி' என்று கம்பெனிகளே சொல்ல ஆரம்பித்தன. உலகத்திலும் இதே கதைதான். பார்படோஸ் தீவு 2020 ஜூலையில், 'ஒரு வருஷம் எங்கள் ஊரில் தங்கி உங்கள் கம்பெனி வேலையைப் பாருங்கள்' என்று தனி விசாவே கொடுத்தது. போர்ச்சுகலின் மதீரா தீவில் போன்டா டோ சோல் என்கிற சின்ன ஊர், 2021 பிப்ரவரியில் இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. நம் நாட்டில் கோவா, வர்க்கலை. இலங்கையில் வெலிகம, அஹங்கம. அமைதியான கடலோர ஊர்களாகப் பார்த்துப் பார்த்துக் கிளம்புகிறார்கள்.

இப்போது அந்த ஆசை நம் டெல்டாக் கரைக்கும் வந்துவிட்டது. என்னிடம் வருகிற ஒரு தாயார் போன மாதம் கேட்டார்: "டாக்டர், பையன் பெங்களூர்ல வாடகை குடுத்து மாளலைங்கறான். அமைதியா ஒரு கடற்கரை ஊர்ல ரூம் எடுத்துக்கிட்டு வேலை பாக்கறேங்கறான். காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிமேடாம். அனுப்பலாமா?"

அனுப்பலாம் அம்மா, தாராளமாக. ஆனால் அவர் எங்கே உட்காரப் போகிறார், எங்கே நடக்கப் போகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஊரும் மேடும்

காரைக்கால் உங்களுக்குத் தெரியும். அரசலாறு கடலோடு கலக்கிற ஊர். 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்து, 1954 நவம்பரில் இந்தியாவோடு சேர்ந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், ஆட்சி மட்டும் புதுச்சேரி. அங்கிருந்து வடக்கே, தரங்கம்பாடி போகிற திசையில் சில கிலோமீட்டர் போனால் கோட்டுச்சேரி. அதற்குக் கிழக்கே கடலை ஒட்டி இருப்பது கோட்டுச்சேரிமேடு.

இந்தப் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. காரைக்கால் - காரைக்கால்மேடு. காசாக்குடி - காசாக்குடிமேடு. கோட்டுச்சேரி - கோட்டுச்சேரிமேடு. உள்ளே வயலும் கோயிலும் கடைத்தெருவுமாக ஓர் ஊர். அதன் பெயரையே சுமந்துகொண்டு கடலோரத்தில் ஒரு மீனவர் கிராமம். ஜோடி ஜோடியாக இருக்கும்.

சித்த மருத்துவம் படித்த எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த நிலப் பாகுபாடு ஞாபகத்துக்கு வரும். நம் சித்தர்கள் மருந்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்த நிலத்தில் இருந்தால் உடம்பு என்ன ஆகும் என்றும் சொன்னார்கள். மருத நிலம், அதாவது வயல் சார்ந்த இடம், நல்ல நீர்வளத்தால் நோயைத் தணிக்கும் நிலம். நெய்தல், அதாவது கடல் சார்ந்த இடம், உவர்ப்பு மிகுந்தது, வாதம் தங்கும் நிலம். வாதம் என்றதும் பக்கவாதத்தை நினைத்துப் பயந்துவிடாதீர்கள். கழுத்துப் பிடிப்பு, தோள் குடைச்சல், இடுப்பு வலி, கை மரத்துப் போவது எல்லாமே வாதக் கணக்கில்தான் வரும்.

அதெல்லாம் எந்தக் காலத்துச் சமாசாரம் என்கிறீர்களா? இருக்கட்டும். லேப்டாப்காரர்களுக்கு வருகிற வலிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாமே அதே கணக்கு! ஏற்கனவே ஓடாமல் ஆடாமல் உட்கார்ந்து வாதத்தை வளர்த்துக்கொண்டிருப்பவர், ஈரக்காற்று அடிக்கிற இடத்திலேயே பத்து மணி நேரம் உட்காரவும் செய்தால் வலி கூடத்தான் செய்யும்.

ஆகவே என் யோசனை இதுதான். நாற்காலியை மருதத்தில் போடுங்கள். அதாவது கோட்டுச்சேரியிலோ காரைக்கால் டவுனிலோ அறை எடுங்கள். காலை நடைக்கு நெய்தலுக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது சைக்கிள் மிதிக்கிற தூரம்தான்.

மணலில் உட்கார்ந்தால் என்ன?

நிறைய ஆகும். வெயிலில் லேப்டாப் திரை தெரியாது. தெரியாததால் கண்ணை இடுக்கி, கழுத்தை முன்னால் நீட்டிப் பார்ப்பார்கள். பாதித் தலைவலி அதனால்தான். பல லேப்டாப்களுக்குச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று தயாரித்தவர்களே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நம் கத்திரி வெயில் அதைச் சட்டை செய்யுமா? மணலும் உப்புக் காற்றும் சாவிப்பலகைக்குள் புகுந்துவிட்டால் ரிப்பேர் செலவு வேறு.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இமைக்காத கண்ணில் கடல் காற்று நேராக அடித்தால்? எரிச்சல், உறுத்தல், சிவப்பு. 'கண்ணுல மண் விழுந்தாப்ல இருக்கு டாக்டர்' என்று வருகிறவர்களில் பலருக்கு மண்ணே விழுந்திருக்காது. கண் காய்ந்து போயிருக்கும், அவ்வளவுதான். (அறைக்குள்ளும் இதே கதைதான். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள்.)

ஆனால் அதே கண்ணுக்குக் கடல் நல்ல மருந்து. திரையை வைத்துவிட்டு, எழுந்து நின்று, தொடுவானத்தைப் பாருங்கள். பக்கத்தில் பார்த்துப் பார்த்து இறுகிப்போன கண் தசை தளர்ந்து விடும். கண் டாக்டர்கள் 20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள் என்கிறார்கள். அறையின் ஜன்னல் வழியாக ஒரு வயலோ, ஒரு புளிய மரமோ தெரிந்தால் போதும். எதிர் வீட்டுச் சுவர் மட்டுமே தெரிகிற அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரை சும்மா கிடக்கிற இடம் அல்ல. அது அங்குள்ளவர்களின் ஆபீஸ்! படகு ஏற்றும் இடம், வலை காய்கிற இடம், மீன் ஏலம் போகிற இடம், பெண்கள் கூடையோடு காத்திருக்கிற இடம். விடிவதற்கு வெகு நேரம் முன்பே வேலைக்குப் போய்விட்டு வந்து, பகலில் வலை பழுதுபார்க்கிறவர்கள் அவர்கள். அந்த நிழலில் நாம் போய், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மீட்டிங் பேசினால் நன்றாகவா இருக்கும்? உங்கள் ஆபீஸ் மேஜையில் ஒருவர் வந்து வலை பின்னினால் விடுவீர்களா?

2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்ட கரை அது. கோட்டுச்சேரிமேடும் அதற்குத் தப்பவில்லை. அங்கே உள்ள ஒவ்வொரு பெரியவரிடமும் அந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அமைதியான கடற்கரை என்று நாம் வர்ணிப்பதை அவர்கள் வேறு மாதிரி அறிந்தவர்கள். மரியாதையாகப் போங்கள், வணக்கம் சொல்லுங்கள், எந்த இடத்தில் நடக்கலாம் என்று கேளுங்கள். முக்கியமாக, குளிக்க இறங்காதீர்கள். இந்தக் கரையில் அடியிழுப்பு உண்டு. 'இன்னிக்கு எறங்காதீங்க தம்பி' என்று ஒரு மீனவர் சொன்னால், அது டாக்டர் சொன்ன மாதிரி!

காலைக் கடற்கரை

கோவாவும் வர்க்கலையும் மேற்குக் கரை. சாயங்காலம் வேலை முடித்து, சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கலாம். நம் கரை அப்படியில்லை. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து வருகிறார். கோட்டுச்சேரிமேட்டின் அழகு முழுவதும் காலை ஆறு மணிக்குத்தான்.

இது உங்கள் பிள்ளைகளின் வேலை நேரத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். லண்டன் கம்பெனி வேலை என்றால், அங்கே காலை 9 மணி என்பது கோடையில் நமக்குப் பகல் 1.30. காலை முழுவதும் கையில் இருக்கிறது. ஆறு மணிக்கு நடை, எட்டு மணிக்கு இட்லி, பதினோரு மணிவரை வீட்டு வேலை, ஓய்வு, மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலி. இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அமெரிக்கா என்றால் சங்கதி வேறு. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்குள்ளவர்களோடு மூன்று மணி நேரம் பேசிவிட்டுப் பத்து, பத்தரைக்கு முடித்துக்கொள்ளலாம் என்றால் சரி. தூங்கி எழுந்து காலையில் கடலைப் பார்க்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க விழித்து விடியற்காலையில் படுக்கிற வேலையாக இருந்தால், என்னைக் கேட்டால், இப்படித் தனி அறை எடுத்துத் தங்கவே வேண்டாம் என்பேன். பகலில் தூங்க இருட்டான, குளிர்ந்த, சத்தமில்லாத அறை வேண்டும். தகரமோ ஒற்றைத் தளமோ போட்ட மாடி அறையில் சித்திரை மாதப் பகலில் யாரால் தூங்க முடியும்? தூக்கம் கெட்டால் பசி கெடும், மலம் கட்டும், எரிச்சல் வரும். அந்தப் பிள்ளை தன் அம்மா வீட்டிலேயே உள்ளறையில் படுத்துத் தூங்கட்டும். மத்தியானம் எழுப்பிச் சோறு போட ஓர் ஆளாவது இருக்கும்.

தனிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்கால் எல்லைக்குள் மதுக்கடைகளுக்குக் குறைவில்லை, விலையும் குறைவு. எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில், மாலை ஏழு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு அது பெரிய சோதனை. நல்ல பிள்ளைதான், நம்புகிறேன். ஆனாலும் இரண்டு நண்பர்களாகச் சேர்ந்து தங்குவது நல்லது. மகளாக இருந்தால், கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருக்கிற மாடிப் போர்ஷனாகப் பாருங்கள். மகனாக இருந்தாலும் அப்படியே பாருங்களேன்!

அறை பார்க்கும்போது...

காரைக்காலில் தங்கும் விடுதிகள் பல, திருநள்ளாறு பக்தர்களை மனதில் வைத்து நடப்பவை. வருவார்கள், குளிப்பார்கள், தரிசனம் முடித்துக் கிளம்புவார்கள். கட்டில் இருக்கும், டி.வி. இருக்கும். மேஜை இருக்காது! வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் கூட்டம் நெரியும். ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா நடக்கும்போது சொல்லவே வேண்டாம். ஆகவே விடுதியில் நாலு நாள் தங்கிக்கொண்டு, அதற்குள் மாத வாடகைக்கு ஓர் இடம் பார்ப்பதுதான் விவேகம். என்.ஐ.டி. புதுச்சேரி இருப்பது பக்கத்துத் திருவேட்டக்குடியில்தான். ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி 2016 முதல் காரைக்காலில் நடக்கிறது. ஆகவே வெளியூர்ப் பிள்ளைகள் தங்குவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

நாற்காலிக்கு வருவோம். பிளாஸ்டிக் நாற்காலியும் கட்டிலும் ஆகாது. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் பதியவேண்டும். பதியவில்லையா, காலுக்கு அடியில் ஒரு மணைப் பலகை போடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். அதற்கு லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகம் வைத்து உயர்த்தி, தட்டுவதற்குத் தனிச் சாவிப்பலகை வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கை உடம்பை ஒட்டி, 'ட' எழுத்து மாதிரி மடங்கியிருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் சாய்வு மேஜை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு எழுதினார்களே, அது தவறில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் வெற்றிலை போட எழுந்தார்கள், பேரேடு எடுக்க எழுந்தார்கள், வந்தவரை வரவேற்க எழுந்தார்கள். நீங்கள் எழுவதே இல்லையே! முக்கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர்ப் பானைவரை போய் வாருங்கள். பானையைத் தள்ளி வையுங்கள், அதுதான் சூட்சுமம்.

நாற்காலிக்கு அடுத்து நான் பார்ப்பது கழிப்பறை. சிரிக்காதீர்கள். சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒன்று உண்டு. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, இருமல், கண்ணீர் என்று உடம்பு தானாக வெளிப்படுத்துகிற பதினான்கு உந்துதல்களை அடக்கக் கூடாது. அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நோய் வரும் என்பது பாடம். இன்றைய கம்ப்யூட்டர் பிள்ளைகள் மீட்டிங் மீட்டிங் என்று சிறுநீரை அடக்குகிறார்கள், பசியை அடக்குகிறார்கள், கொட்டாவியைக்கூடக் கேமராவுக்குப் பயந்து அடக்குகிறார்கள்! அதிலும் பெண் பிள்ளைகள், பொதுக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தாரை எரிச்சலோடு வருகிறவர்களை விசாரித்தால் காரணம் பல சமயம் இதுதான். ஆகவே தனிக் கழிப்பறை இல்லாத இடத்தில் கடல் தெரிந்தாலும் சரி, கப்பல் தெரிந்தாலும் சரி, வாடகைக்கு எடுக்காதீர்கள்.

கரண்ட், இன்டர்நெட் விஷயத்தில் வீட்டுக்காரர் வாய்வார்த்தையை நம்பவேண்டாம். உங்கள் பிள்ளை எந்த நேரத்தில் வேலை பார்ப்பாரோ அந்த நேரத்தில் போய், அறைக்குள் நின்று வேகத்தைச் சோதித்துப் பார்க்கட்டும். இரண்டு வேறு கம்பெனி சிம் கையில் இருக்கட்டும். இன்டர்நெட் அறுந்தால் உங்கள் பிள்ளைக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் வைத்தியன் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

சாப்பாடு

இந்தக் கரையின் பெரிய லாபம் மீன். நெத்தியும் மத்தியும் வாங்குங்கள். விலையும் குறைவு, இதயத்துக்கு வேண்டிய நல்ல கொழுப்பும் நிறைய. குழம்பாக வையுங்கள், வறுவலைக் குறையுங்கள். கருவாடு? வாசனைக்கு எப்போதாவது ஒரு துண்டு. உட்கார்ந்தே வேலை பார்க்கிறவருக்கு அவ்வளவு உப்பு ஆகாது. ரத்த அழுத்தம் உள்ளவர் தொடவே வேண்டாம். சைவமா? கவலை இல்லை. முருங்கைக் கீரையும் பொன்னாங்கண்ணியும் வாரம் நாலு நாள் சேருங்கள். மத்தியானம் மோர். ராத்திரி எட்டு மணிக்குள் இலேசாக இட்லியோ இடியாப்பமோ. மீட்டிங் இருக்கிறதா? ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். பத்தரை மணிப் பரோட்டா வேண்டாம்.

வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய்க் குளியல். கழுத்து, தோள், முதுகு, உள்ளங்கால் என்று எண்ணெய் ஊறட்டும், வெந்நீரில் குளிக்கட்டும். அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது. கழுத்துப் பிடிப்புக்கு நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி இளஞ்சூடாக ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் ஒன்று. வலி கையில் இறங்கி விரல் மரத்துப் போனாலோ, கையில் பிடித்த டம்ளர் நழுவினாலோ ஒத்தடத்தோடு நிற்காதீர்கள். காரைக்கால் அரசு பொது மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது, உடனே காட்டிவிடுங்கள்.

எப்போது போவது?

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையை நன்றாகவே கவனிக்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டித்தான் கரை கடந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியபோது டெல்டாவே இருட்டில் கிடந்தது. அப்போது ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து மெயில் அனுப்பவா முடியும்?

தை, மாசி, பங்குனி மூன்றும் நல்ல மாதங்கள். பனியும் வெயிலும் அளவாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரை முழுக்கப் படகு பழுதுபார்க்கும் வேலை நடக்கும், வெயிலும் கொளுத்தும்.

பொங்கல் முடிந்ததும் ஒரு நாள் நீங்களும் பிள்ளையோடு போய் வாருங்கள். காலையில் கடலைப் பார்த்துவிட்டு, அறையைப் பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள். உச்சி வெயிலில் அந்த அறைக்குள் பத்து நிமிடம் உட்கார முடிகிறதா, ஜன்னலைத் திறந்தால் கிழக்கிலிருந்து கடல்காற்று வருகிறதா, குழாயில் வருகிற தண்ணீர் உப்பா நல்ல தண்ணீரா என்று பாருங்கள். பிடித்திருந்தால் ஒரு மாத வாடகையை மட்டும் கொடுத்துவிட்டு, நல்ல நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு வாருங்கள்.